தவழும் பையன், ஓடும் பெண்: வீட்டுக்குள் படமெடுக்க எந்தச் சின்ன கேமரா?

தளர்நடை (கேள்வி)

வணக்கம். பத்து மாதப் பையன், நாலு வயதுப் பெண். பையன் தவழ்கிறான், சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறான். பெண் ஓரிடத்தில் நிற்கவே மாட்டாள். இதுவரை எல்லாப் படமும் போனில்தான். பகலில் பால்கனியில் எடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலை ஆறுக்கு மேல் ஹாலில் எடுத்தால் முகம் மெழுகு பூசியதுபோல் வழுவழுவென்று இருக்கிறது, கையும் காலும் இழுபட்டு விடுகின்றன.

ஹால் 10-க்கு 14 அடி. வெள்ளை சீலிங், பத்தடி உயரம். ஓர் எல்இடி டியூப்லைட், இரண்டு பல்பு. செலவு 90,000 ரூபாய் வரை. பழைய கேமராவாக இருந்தாலும் சரி. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே எடுக்க வேண்டியிருப்பதால் கனமான டிஎஸ்எல்ஆர் வேண்டாம். சட்டைப்பை அளவு கேமரா போதுமா, லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் வாங்க வேண்டுமா? கூடவே வரும் கிட் லென்ஸ் போதாதா? கைக்குழந்தைக்குப் பிளாஷ் போடலாமா? இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

ஒளிவாசல்

போனில் என்ன கெடுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். அது புரியாமல் வாங்கினால் 90,000 போட்டும் அதே படம்தான் வரும். இருட்டில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. பொருள் அசையாமல் இருந்தால் இது பிரமாதமாக வேலை செய்யும். பிள்ளை அசைந்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் கை பொருந்தாது. மிச்சமிருக்கும் புள்ளிகளை வழிக்கும்போது கன்னம் மெழுகாகிறது. ஆக உங்களுக்கு வேண்டியது ஒரே படத்தில் போதுமான வெளிச்சம், அதுவும் மிகக் குறைந்த நேரத்தில்.

எவ்வளவு குறைந்த நேரம்? உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடும் பிள்ளைக்கு 1/125 நொடி போதும். தவழுகிற, தத்தி நடக்கிற பிள்ளைக்கு 1/250. ஓடினால் 1/500. ஊஞ்சலுக்கும் குதிப்பதற்கும் 1/1000.

இனி கணக்கு. எஃப் எண் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதைச் சொல்லும்; எண் சின்னதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் அளவு; ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும். ஒரு டியூப்லைட் எரிகிற ஹாலில் பிள்ளை இருக்கும் இடத்தில் சுமார் 100 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வெளியே உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ். அந்த 100 லக்ஸில் 1/250 வேண்டுமென்றால், எஃப் 6.3 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 25,000 பக்கம் போகும். எஃப் 1.8 லென்ஸுக்கு 2,000 போதும். எஃப் 1.4-க்கு 1,250. கேமரா அதேதான், லென்ஸ் மட்டும்தான் மாறியிருக்கிறது. கேனன் ஆர்50-உடன் வரும் 18-45 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அது எஃப் 6.3-ல் நிற்கும். கிட் லென்ஸ் போதாதா என்று கேட்டதற்கு இதுதான் பதில்: பால்கனிக்குப் போதும், ராத்திரி ஹாலுக்குப் போதாது.

எந்த பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விலை குறைவு என்று 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிவிடுவார்கள். நல்ல லென்ஸ்தான், ஆனால் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் உள்ள பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) போட்டால் அது 75-80 மி.மீ. லென்ஸின் நெருக்கமான பார்வை தரும். உங்கள் பெண் ஒரு மீட்டர் உயரம் என்று வையுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 2.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சோபா போட்ட பத்தடி ஹாலில் முதுகு சுவரில் முட்டும். 30 மி.மீ. என்றால் 1.6 மீட்டரில் முழு ஆளும் வந்துவிடும்.

உங்கள் செலவுக்கு என் தேர்வு: சோனி ஏ6400, பாடி மட்டும், கூட சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4. பாடி 403 கிராம், லென்ஸ் 265 கிராம். இரண்டையும் புதிதாக வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். பாடியைப் பழையதாக எடுத்தால் பிளாஷுக்கும் மிஞ்சும். 2019-ல் வந்த கேமரா என்று தயங்க வேண்டாம். ஓடுகிற பிள்ளையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும் ஃபோகஸ் இதில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது அதுதான். விலையைப் பார்த்து 2014-ன் ஏ6000 பக்கம் போகாதீர்கள். அதில் தொடர் ஃபோகஸ் போட்டால் கண்ணைப் பிடிக்கும் வசதி கிடையாது.

ஏ6400 பாடிக்குள் ஷேக் குறைக்கும் அமைப்பு இல்லையே என்று கடையில் சொல்வார்கள். அந்த அமைப்பு உங்கள் கை நடுங்குவதைச் சரி செய்யும், பிள்ளை அசைவதை அல்ல. 1/250-க்கு மேலேயே எடுக்கப்போகிறவர்களுக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அந்தப் பணம் லென்ஸுக்குப் போகட்டும்.

பாக்கெட்வழி

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் சட்டைப்பைக் கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 5ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச் சென்சார், 24-70 மி.மீ. ஜூம் பார்வை, எஃப் 1.8-லிருந்து 2.8 வரை, 299 கிராம். ஒரு இன்ச் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் அதன் 1.8 என்பது ஏபிஎஸ்-சியில் 3.2 போல வேலை செய்யும், 2.8 என்பது 5 போல. அப்படியிருந்தும் கிட் லென்ஸின் 4.5-6.3-ஐ விட அது மேல்! மிரர்லெஸ் வாங்கி கிட் லென்ஸோடு நின்றுவிடப் போகிறவர்கள் இதை வாங்குவதே நல்லது. எஃப் 1.4 பிரைம் போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் மிரர்லெஸ் ஐந்து மடங்கு முந்துகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. சிக்மா 30-ஐ 1.4-ல் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். தம்பி கண் கூர்மையாக இருக்கும், அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் அக்கா மங்கிப் போவாள். சின்ன சென்சாரில் இரண்டு முகமும் தெளிவாக வரும்.

ஆர்எக்ஸ்100 வாங்குவதாக இருந்தால் எந்த மாடல் என்பதில் கவனம் வேண்டும். மூன்றும் நாலும் பழைய வகை ஃபோகஸ்; முன்னும் பின்னும் தேடும், அதற்குள் பிள்ளை கட்டில் அடியில் போயிருக்கும். ஐந்திலிருந்துதான் அசைவைத் துரத்தும் வகை ஃபோகஸ் வருகிறது. ஏழில் ஃபோகஸ் இன்னும் நன்றாக இருக்கும், ஜூமும் 200 வரை போகும். ஆனால் லென்ஸ் 2.8-லிருந்து 4.5, வீட்டுக்குள் அது இருட்டு. வெளியூர், கோயில், கடற்கரை என்று போகிறவர்களுக்கு ஏழு, ஹாலுக்கு 5ஏ. பேட்டரி சின்னது, ஒரு சார்ஜில் 220 படம்தான் கணக்கு. கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

ரிக்கோ ஜிஆர் 3 இதைவிட எடை குறைவு, படமும் அழகு. ஆனால் மங்கிய அறையில் ஃபோகஸ் தடுமாறும், கூடவே அமைந்த பிளாஷும் கிடையாது. பிள்ளைகளுக்கு அது வேண்டாம். ஃபியூஜி எக்ஸ்100 6 உங்கள் செலவுக்குள் வராது.

ஒளிவாசல்

நியாயமான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். கிட் லென்ஸோடு நின்றுவிடுவதாக இருந்தால் ஆர்எக்ஸ்100 5ஏ-தான். ஆழம் பற்றி ஒன்று மட்டும்: பிரைமை எப்போதும் 1.4-லேயே வைக்க வேண்டும் என்றில்லை. ஒரு பிள்ளைக்கு எஃப் 2, இரண்டு பேருக்கு 2.8, அங்கே ஆழம் 12 சென்டிமீட்டர் ஆகிவிடும். இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஓர் அடி பின்னால் தள்ளி நின்றால் இன்னும் கூடும்.

சீலிங்வெளிச்சம்

பிளாஷ் கேள்வியை யாரும் தொடவில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பெரிய லைட் எது தெரியுமா? அந்த வெள்ளை சீலிங்.

பிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். சீலிங்குக்கு அடியுங்கள். இரண்டு அங்குலப் பிளாஷிலிருந்து வரும் வெளிச்சம் சீலிங்கில் பட்டு, நாலைந்து அடி அகலத்தில் பரவிக் கீழே இறங்கும். நிழலின் விளிம்பு மென்மையாகும், கண்ணில் நேரடியாக மின்னல் அடிக்காது, பின்னால் சுவரில் கறுப்பு நிழலும் விழாது. கோடாக்ஸ் டிடி350 மாதிரி இரண்டு பென்சில் செல் போடும் சின்னப் பிளாஷ் போதும், செல் இல்லாமல் 200 கிராம். சோனிக்கு வாங்கினால் பெயர் முடிவில் எஸ் உள்ளது, கேனனுக்கு சி. மாற்றி வாங்கினால் தானியங்கி அளவு வேலை செய்யாது. சாதாரணக் கடைச் செல் போடாதீர்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகைச் செல்லில்தான் அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தயாராகும்.

கேமராவில் எம் மோட் (நேரத்தையும் எஃப் எண்ணையும் நாமே வைப்பது), 1/160, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800. பிளாஷில் டிடிஎல் (வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிப்பது). பிளாஷ் தலையை நேரே மேலே தூக்காமல், உங்களுக்குக் கொஞ்சம் பின்புறமாகச் சாயுங்கள். நேர் மேலே அடித்தால் வெளிச்சம் பிள்ளையின் உச்சந்தலையில் இறங்கி, கண்குழி இருண்டுவிடும். பின்னால் சாய்த்தால் முகத்துக்கு எதிரே இருந்து வரும். ஐஎஸ்ஓவை 100-ல் விட்டுவிட்டுப் 'பிளாஷ் போதவில்லை' என்று சொல்பவர்கள் ஏராளம். 800-ல் வைத்தால் பிளாஷ் முழுச் சக்தி செலவழிக்க வேண்டியதே இல்லை. பாதிச் சக்தியில் பிளாஷ் மின்னும் நேரமும் குறையும், அசையும் கை அதிலேயே உறைந்து நிற்கும்.

சுவர் நிறத்தைப் பாருங்கள். பச்சைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் கன்னத்தைப் பச்சையாக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் போகும். வெள்ளை சீலிங் உங்கள் அதிர்ஷ்டம்.

ஏ6400-ன் மேல் எழும்பும் சின்னப் பிளாஷையும் ஆள்காட்டி விரலால் பின்னால் இழுத்துப் பிடித்துச் சீலிங்குக்கு அடிக்கலாம். ஆர்எக்ஸ்100-லும் அப்படித்தான். சக்தி குறைவு என்பதால் ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தனிப் பிளாஷ் வாங்கும் வரை இது தாங்கும்.

கேனன் ஆர்50 வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: அதன் மேலே உள்ள ஷூ (பிளாஷ் மாட்டும் இடம்) புது வகை. வழக்கமான பிளாஷ் அதில் நேரடியாக வேலை செய்யாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு இது தெரிந்து வருந்துபவர்கள் உண்டு. மற்றபடி ஆர்50 நல்ல கேமரா. 375 கிராம், திரை பக்கவாட்டில் விரிந்து திரும்பும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பித் தரையோடு தரையாக வைத்துத் தவழும் பிள்ளையை எடுக்க அந்தத் திரை மிக வசதி. ஏ6400-ன் திரை மேலும் கீழும் மட்டும்தான் சாயும், செங்குத்துப் படத்துக்கு அது உதவாது.

சாதாரணக் கேமரா பிளாஷ் குழந்தையின் கண்ணைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். அதற்காக முகத்துக்கு அரை அடியில் வைத்து அடிக்க வேண்டும் என்பதும் இல்லை, திடுக்கிட்டு அழும்.

ஆனால் இதை மட்டும் எல்லாப் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டும். நேரடிப் பிளாஷில் எடுத்த படத்தில் இரண்டு கண்மணியும் சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திரும்பத் திரும்பத் தெரிந்தால் தள்ளிப் போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணின் உள்நரம்பு முனையில் வெளிச்சம் பட்டும் இப்படி வரலாம், அதனால் ஒரு படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய்க்கும், பிறவிக் கண்புரைக்கும் இது முதல் அடையாளமாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. போனில் தானாகச் சிவப்புக் கண் நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்து வைப்பது நல்லது.

தளர்நடை

எல்லோருக்கும் நன்றி. மனது ஏ6400, சிக்மா 30 பக்கம் போகிறது. கடையில் இருந்த ஒரு கேமராவை அவர்கள் சொன்ன சத்தமில்லாத மோடில் 1/250 வைத்து எடுத்துப் பார்த்தேன். படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக வந்தது. கேமரா பழுதா? பழைய பாடி வாங்கினால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஒளிவாசல்

கேமரா பழுது இல்லை. அந்தக் கடை லைட்டின் வேலை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத மோட் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர். அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் லைட் பல முறை மங்கி எரிந்துவிடுவதால் ஒவ்வொரு மங்கலும் ஒரு பட்டை. வேகமாக வீசும் கையும் இதே காரணத்தால் கோணலாக வரும். வீட்டுக்குள் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். தூங்கும் பிள்ளையை எடுக்க மட்டும் போட்டுக்கொள்ளலாம், அப்போது 1/100 வையுங்கள்.

மெக்கானிக்கல் ஷட்டரிலும் (சத்தம் வரும் வழக்கமான ஷட்டர்) 1/250-ல் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது கொஞ்சம் மங்கலாக வரக்கூடும். வீட்டு லைட்டைச் சோதிக்கப் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். பல்பு படபடவென்று துடித்தால் அந்தப் பல்பை மாற்றுங்கள். இந்த மொத்தச் செலவிலும் மிக மலிவான திருத்தம் அதுதான்.

வாங்கியதும் இப்படிச் செட் செய்யுங்கள்: எம் மோட், எஃப் 2, 1/250, ஆட்டோ ஐஎஸ்ஓ மேல் வரம்பு 6400. ஃபோகஸ் ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்), ஃபோகஸ் பரப்பு வைட், முகம்-கண் முன்னுரிமை ஆன், மனிதர் என்று தேர்வு. தொடர் படம் மிட் வேகத்தில் போதும். ஹை வைத்தால் ஒரு சிரிப்புக்கு நாற்பது படம் சேர்ந்து, தேர்ந்தெடுக்கவே அலுப்பாகிவிடும். மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனால் 1.4-ல் விடாதீர்கள். அந்த வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100-லும் 1/16,000 கேட்கும். கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-ல் நின்றுவிடும், முகம் வெளுத்துப்போகும். 2.8-க்கோ 4-க்கோ மூடிக்கொள்ளுங்கள்.

பகலில் பிளாஷே வேண்டாம். பாயை ஜன்னலிலிருந்து நாலடியில் விரித்து, ஜன்னல் பிள்ளைக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நீங்கள் உட்காருங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும்.

பாக்கெட்வழி

பழையது வாங்கும்போது: லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு முனையில் சாய்வாக அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சணம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எஃப் 16-ல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஏ6400-ல் அதைச் சுத்தம் செய்யலாம். ஆர்எக்ஸ்100-ல் உள்ளே போன தூசியை எடுக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும், ஆகவே அதில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். பேட்டரி உப்பி உள்ளே சிக்குகிறதா, மேலே உள்ள ஷூவில் தேய்மானம் எப்படி, பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈரமான ஊரில் கேமராவைப் பையிலேயே பூட்டி வைத்தால் பூஞ்சணம் வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அந்தப் பொட்டலமும் லென்ஸ் மூடியும் பையன் கைக்கு எட்டக் கூடாது, நேரே வாய்க்குப் போகும்.

சீலிங்வெளிச்சம்

கழுத்துப் பட்டை வேண்டாம், மணிக்கட்டுப் பட்டை போடுங்கள். தரையில் இருக்கும் குழந்தைமேல் குனியும்போது கழுத்தில் தொங்கும் கேமரா முன்னால் ஆடி அதன் நெற்றியில் இடிக்கும். சிக்மாவோடு வரும் ஹூடை (லென்ஸ் முனையில் மாட்டும் வளையம்) எப்போதும் மாட்டியே வைத்திருங்கள். பிஸ்கட் கை நீளும்போது முதலில் படுவது ஹூடாக இருக்கும், கண்ணாடியாக இருக்காது. அதையும் தாண்டிப் பட்டுவிட்டால் சட்டை முனையால் துடைக்காதீர்கள். ஊதும் பம்பால் துகளை ஊதிவிட்டு, அப்புறம் மைக்ரோ ஃபைபர் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை லென்ஸ்மேல் நேரடியாக விட்டால் ஓரத்து இடுக்கில் இறங்கிவிடும்.